ஆங்கில எழுத்து மாற்றம்: இணையதளமா, வேர்டா, எக்செலா?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போதுதான் அது நம்மைச் சோதிக்கிறது. கேப்ஸ் லாக் விசை அழுந்தியிருந்ததைக் கவனிக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் பெரிய எழுத்தில் அடித்து முடித்தவர்கள், அதை மாற்றுவதற்கு முதலில் நாடுவது இணையதளங்களைத்தான்.

இத்தளங்களில் பத்தியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் கைப்பேசியில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பெரும்பாலும் வெறும் எழுத்துகள் மட்டுமே திரும்பி வருகின்றன. தடித்த எழுத்தும் அட்டவணையும் மறைந்துவிடுகின்றன. மேலும், சில தளங்கள் உலாவிக்குள்ளேயே மாற்றத்தைச் செய்கின்றன, சில தளங்கள் உரையைத் தம் சேவையகத்துக்கு அனுப்புகின்றன. பக்கம் திறந்த பின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு மாதிரி வரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறினால் அந்த வேலை உங்கள் கருவியிலேயே நடக்கிறது என்று அறியலாம். அப்படியிருந்தும், பிறருடைய முகவரிகளும் அடையாள எண்களும் உள்ள உரையை நான் எந்தத் தளத்திலும் ஒட்டமாட்டேன்.

வேர்டில் உரையைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் விசையுடன் எஃப்3 விசையை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எழுத்து வடிவம் மாறிக்கொண்டே வரும், வடிவமைப்பு கலையாது. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் இதுவே மேலானது. கூகுள் டாக்ஸிலும் இவ்வசதி உண்டு என்றாலும், வாக்கியத்தின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் தெரிவு அதன் பட்டியலில் இல்லை. எந்தக் கருவியானாலும், முழுவதும் பெரிய எழுத்தில் இருந்த பத்தியை வாக்கிய வடிவுக்கு மாற்றினால் மதுரை, ஜூலை போன்ற பெயர்களின் முதலெழுத்தும் சிறிதாகிவிட வாய்ப்புண்டு. ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பெயர்ப் பட்டியல் என்றால், சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் மாற்றும் எக்செலின் ப்ராப்பர் (PROPER) சார்பையே பரிந்துரைப்பேன். எழுத்தல்லாத எந்தக் குறிக்கும் அடுத்து வரும் எழுத்தை அது பெரிதாக்குவதால், இடைவெளியின்றிப் புள்ளியிட்டு எழுதப்படும் நம் இனிஷியல்கள் இரண்டு இருந்தாலும் மூன்று இருந்தாலும் சரியாக அமைகின்றன. இடைவெளியை மட்டுமே சொல்லின் எல்லையாகக் கொள்ளும் தளங்களில் இரண்டாவது இனிஷியல் சிறிய எழுத்தாகவே நின்றுவிடும். ஆனால் எக்செலின் அதே விதியால் அப்போஸ்ட்ரஃபிக்குப் பின்வரும் எஸ் தேவையின்றிப் பெரிதாகும். ஐஐடி போன்ற சுருக்கங்களில் முதலெழுத்து மட்டுமே பெரிதாக நிற்கும். விடை தனி நெடுவரிசையில் வருவதால் மூலப் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இது பேருதவி.

இவற்றுள் எதையும் பயன்படுத்தக் கூடாத ஓர் இடம் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ் ஆவணங்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருக்கின்றன: சிறிய எஃப் என்பது க, பெரிய எஃப் என்பது கு. அந்த உரையைச் சிறிய எழுத்துக்கு மாற்றினால் கு எல்லாம் க ஆகிவிடும். சேமித்து மூடிய பிறகு எது கவாக இருந்தது, எது குவாக இருந்தது என்று எந்தக் கருவியாலும் பிரித்தறிய முடியாது. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடு தமிழுக்கு இந்த ஆபத்து இல்லை. எனவே பாமினி உரையை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே அந்த ஆவணத்தின் ஆங்கிலப் பகுதிகளில் கை வையுங்கள்.