பால் சேராத வெள்ளை சாஸ்: முந்திரியா, டோஃபுவா?

பாலும் கிரீமும் இல்லாமல் வழுவழுப்பான சாஸ் வேண்டுமென்றால், சிங்கப்பூரில் எளிதாகக் கைக்கெட்டுபவை முந்திரியும் டோஃபுவும் (சோயா பாலில் செய்யும் கட்டி).

விலை: மென்மையான சில்கன் டோஃபு மலிவு, எந்த ஈரச்சந்தையிலும் கிடைக்கும். முந்திரி செலவு. தேக்காவில் (லிட்டில் இந்தியா) உடைத்த முந்திரி வாங்குங்கள். எப்படியும் அரைக்கத்தானே போகிறோம்!

வேலை: டோஃபுவை நீர் வடித்து அப்படியே அரைக்கலாம். முந்திரி கொதிநீரில் 30 நிமிடம் ஊற வேண்டும். அப்புறம் 1 கப் முந்திரிக்கு முக்கால் கப் தண்ணீர் சேர்த்து அரைக்க வேண்டும்.

சூடு: பெரிய வித்தியாசமே இங்குதான். முந்திரியில் மாவுச்சத்து உண்டு, சூடேற ஏறக் கெட்டியாகும். தண்ணீர் தெளித்துக் கிளறினால் சரியாகிவிடும். டோஃபு சாஸ் கொதித்தால், அதிலும் எலுமிச்சை சேர்ந்திருந்தால், திரிதிரியாகிவிடும். அடுப்பை அணைத்த பிறகு கலப்பதே நல்லது.

ருசி: முந்திரிதான், சந்தேகமே இல்லை. டோஃபுவுக்கு வதக்கிய பூண்டும் கொஞ்சம் மிசோவும் (புளிக்கவைத்த ஜப்பானிய சோயா விழுது) கட்டாயம் வேண்டும்.

சேமிப்பு: குளிர்பெட்டியில் இரண்டும் 3 நாள் தாங்கும். உறைய வைக்க முந்திரி மட்டுமே.

குருமாவுக்கும் விருந்துக்கும் முந்திரி. புரதமும் சேர வேண்டிய வார நாள் பாஸ்தாவுக்கு டோஃபு. விருந்தினர் வந்தால் கொட்டைப்பருப்பு, சோயா ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.