விறகு மலையில் மெசி 135: நீண்டகாலப் பாவனை அனுபவம்

மலையகத்தில் விறகு டிரக்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பு மெசி பெர்குசன் 135தான். 1964 கடைசியில் இங்கிலாந்தின் கொவென்ட்ரியிலிருந்து வெளிவந்த மொடல். 1970களில் தோட்டங்கள் அரசிடம் போய், 1992இல் கம்பனிகளிடம் திரும்பி வந்தபோது, தோட்டத்தோடு சேர்ந்து கைமாறிய சாமான்களில் இந்த வண்டிகளும் அடக்கம். டர்பன்டைன் (யூகலிப்டஸுக்கு இங்கே அதுதான் பெயர்), சவுக்கு, அல்பீசியா என்று எதை வெட்டினாலும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அடுப்புவரை இழுத்து வந்தது இதுதான். இன்றும் ஒன்றை வாங்கி விறகு வேலைக்கு விடலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.

வாங்கலாம். ஆனால் பார்க்கிற இடம் வேறாக இருக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் இன்ஜினைக் கேட்டுப் பார்க்கிறார்கள், புகையைப் பார்க்கிறார்கள். இந்த வண்டி ஏற்றத்தில் யாரையும் கைவிட்டது குறைவு. வில்லங்கமெல்லாம் சுமையோடு இறங்கும்போதுதான்.

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர், 2.5 லீற்றர், 45 குதிரைவலு. பிஸ்டன் ஓட்டம் 5 அங்குலம் என்பதால் சுற்று குறைந்தாலும் இழுவை விடாது. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே சுமையோடு முழு ரேஸ் கொடுத்தால் கறுப்புப் புகை தள்ளும். அது பம்ப் கோளாறு என்று நினைத்து பம்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு. முதலில் ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் புகைந்தால் எயார் கிளீனர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் போகலாம். எயார் கிளீனர் ஒயில் கிண்ண வகை. மாசி, பங்குனி வெயிலில் மண்பாதையில் ஓடும்போது கிண்ணத்து ஒயில் ஒரு வாரத்திலேயே சேறாகிவிடும். புத்தகத்தில் உள்ள மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அதே உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் றப்பர் வெடித்திருந்தால் கொழும்பில் ஒன்றும் தெரியாது, கந்தப்பளை ஏற்றத்தில் பொங்கும். மூடியை மாற்றுவது மலிவான வேலை. கூடவே, ரேடியேட்டர் செட்டைகளில் மரப்பட்டைத் தூளும் புல் விதையும் அடைத்திருக்கும். ஃபேன் காற்றை முன்னிருந்து இழுப்பதால், தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி அடித்தால்தான் அவை வெளியே வரும். முன்னிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும்.

குளிர் காலைகளில் ஸ்டார்ட் ஆவதில் இது பழைய நாலு சிலிண்டர் மெசி 35ஐவிட எவ்வளவோ மேல். சாவியை ஹீட்டருக்குத் திருப்பி 15 முதல் 20 வினாடி பிடித்துவிட்டு அடித்தால் போதும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் அதற்குப் போகும் சின்ன டீசல் குழாயையும் பாருங்கள். வயர் சரியாக இருந்து டீசல் வராமல் நிற்பதும் உண்டு. துணியைக் கொளுத்தி எயார் கிளீனர் வாயில் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மரத்தூள் கிடக்கும் கொட்டகையில் அது வேண்டாத விளையாட்டு.

இனி முக்கியமான சங்கதி. 135 வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது சாதா ஆறு கியரா, மல்டி பவரா? டாஷ்போர்டில் ஹை, லோ என்று மாற்றும் சின்ன லீவர் இருந்தால் மல்டி பவர். வயல் உழுகிறவருக்கு அது வரப்பிரசாதம். கிளச் மிதிக்காமலே வேகம் மாற்றலாம். மலையில் விறகு இறக்குகிறவருக்கு அது ஆபத்து. லோவில் இருக்கும்போது இன்ஜின் வண்டியை இழுக்குமே தவிர, வண்டி தள்ளினால் இன்ஜின் பிடிக்காது. சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி உருளும். ஹையில் பிடிப்பது ஒயில் அழுத்தத்தால் இயங்கும் கிளச். இறக்கத்தில் இன்ஜின் நின்றால் அழுத்தம் போய்விடும், வண்டி தானாகவே ஃப்ரீவீலுக்கு வந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் முன்பக்கம் சரிவாக இருந்தால் நிற்காது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மல்டி பவரை விறகு வேலைக்கு எடுக்காதீர்கள் என்பதே எங்கள் முடிவு.

சாதா ஆறு கியரிலும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஹை, லோ ரேஞ்ச் லீவரை ஓடிக்கொண்டே மாற்ற முடியாது. இறக்கம் தொடங்குவதற்கு முன், மட்டமான இடத்தில் நிறுத்தி லோவுக்குப் போட வேண்டும். பாதி வழியில் மாற்றப் பார்த்து நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் இரண்டு தொன் விறகும் முதுகில் ஏறும். ஏறிவந்த கியரைவிட ஒன்று குறைத்தே இறங்குவது வழக்கம். கிளச்சில் கால் வைக்கவே கூடாது.

பிரேக் 14 அங்குல டிரம், கம்பி இழுவையில் இயங்குவது. ஹைட்ரோலிக் இல்லை என்பதால் கசிந்து ஏமாற்றாது; ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் வளைவில் ட்ரெய்லர் குறுக்கே திரும்பிவிடும். சரிசெய்யும் முறை இது: முன்சில்லுகளுக்கு அடைகட்டை வைத்து, பின் அச்சை ஜக்கில் தூக்கித் தாங்கி கொடுங்கள். பேக்பிளேட்டில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு உள்ளிருக்கும் நட்சத்திரப் பல்சக்கரத்தை, பின்சில்லு கையால் சுற்ற முடியாமல் இறுகும்வரை திருப்புங்கள். பிறகு சில்லு உரசாமல் சுற்றும்வரை பல் பல்லாகத் தளர்த்துங்கள். இத்தனை பல் என்று எண்ணி, அடுத்த பக்கத்திலும் அதே எண்ணிக்கை. கடைசியில் இரண்டு பெடலையும் கொக்கியால் இணைத்து, மட்டமான மண்பாதையில் ஓட்டி ஒரே மிதியாக மிதியுங்கள். இரண்டு டயர் தடமும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். பாதையில் ஓடும்போது அந்தக் கொக்கி எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். பெடலைப் பிரித்து வைத்து ஓட்டுவது வயலுக்கு மட்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு பக்கம் பிடிக்காவிட்டால், பின்சில்லின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கரிய ஒயில் ஒட்டினால் அச்சின் சீல் போய்விட்டது. கியர் ஒயில் பிரேக் ஷூவில் இறங்கியிருக்கிறது. ஒயில் குடித்த ஷூவைப் பெற்றோலில் கழுவிப் போடுவது வீண் வேலை, சூடானதும் மறுபடி கசியும். புது லைனிங்கும் சீலும் ஒன்றாகப் போட வேண்டும். இந்தச் சீல் மலையில் சீக்கிரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறுத்தும் முறைதான். வண்டியைப் பக்கச் சரிவில் இரவு முழுக்க நிறுத்தினால், ஹவுசிங்கில் உள்ள 30 லீற்றர் அளவான ஒயில் தாழ்ந்த பக்க அச்சுக்குள் ஓடி சீலில் போய் நிற்கும். அளவுக்கு மேல் ஒயில் ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். பக்கம் மட்டமாக இருக்கிற இடம் பார்த்து நிறுத்துங்கள்.

சுமைக்கு வருவோம். தோட்டத்து இரண்டு சில்லு ட்ரெய்லர்களில் பிரேக் இருப்பது அபூர்வம். டிரக்டரின் எடை ஒன்றரைத் தொன்னுக்கு உட்பட்டது. அதுதான் அவ்வளவையும் பிடித்து நிறுத்த வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரமான பெட்டியை விளிம்புவரை அடுக்கினால் 5 கன மீற்றர். பச்சை டர்பன்டைன் அடுக்கிய கணக்கில் கன மீற்றருக்கு 600 கிலோவுக்குக் குறையாது. அப்படியானால் 3 தொன்னுக்கு மேல். மலைப்பாதைக்கு அது அதிகம். 2 அடிக்கு மேல் அடுக்காதீர்கள்; 2 தொன்னில் நிற்கும். பெட்டியில் 2 அடி உயரத்தில் சிவப்புக் கோடு போட்டு வைப்பது நல்ல யோசனை, ஏற்றுகிறவர்களோடு வாய்த்தர்க்கம் இருக்காது. வெட்டிய இடத்திலேயே இரண்டு, மூன்று மாதம் காயவிட்டு ஏற்றினால் ஒரு நடையில் கூடுதல் விறகு வரும், ஸ்டோர் அடுப்பும் நன்றாக எரியும்.

அடுக்கும் விதமும் உண்டு. கனமான அடிக்கட்டைகள் முன்னால், மெல்லியவை பின்னால். பின்பாரம் கூடினால் ட்ரெய்லரின் மூக்கு டிரக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். ஈரப்பாதையில் சில்லு சும்மா சுற்றும், இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் டயர் வழுக்கும். பின் டயர்களில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நிரப்புவது இதற்கு நல்ல மருந்து. வால்வை மேலே வைத்து நிரப்ப வேண்டும்.

முழு மரத்தைச் சங்கிலியில் இழுப்பதானால் டிரோபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டம்) மட்டும் கட்டுங்கள். மேலே டொப்லிங்க் துளையில் (உழவுக் கருவியின் மேல்கை பூட்டும் இடம்) கட்டினால் மரம் ஒரு வேரில் சிக்கிய நொடியில் முன்சில்லு எழும்பி வண்டி மல்லாக்கப் புரளும். ஓட்டுநர் குதிக்க நேரம் கிடைக்காது. மரத்தின் நுனியைச் சற்றுத் தூக்கிவிட்டால் மண்ணைக் குத்தாமல் வரும், கானையும் உடைக்காது.

மற்றவை சில்லறை. முன் அச்சு நடுப் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் ஸ்டியரிங் அலையும். தினமும் கிரீஸ் அடித்தால் பல வருடம் தாங்கும். டீசலைப் பீப்பாயில் வைத்து எடுப்பவர்கள் ஒரு நாளாவது அடங்கவிட்டு, அடிமட்டத்தை விட்டு எடுக்கவும்; பம்புக்கு முதல் எதிரி தண்ணீர். மழைமாதத்தில் டேங்கை மாலையிலேயே நிரப்பிவிட்டால் உள்ளே ஈரம் படியாது. டெப்பட் (வால்வு) இடைவெளி குளிர்ந்த நிலையில் 12 தௌ, அதாவது 0.012 அங்குலம். சீட்டைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை.

உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. சென்னையில் சிம்சன் செய்யும் மூன்று சிலிண்டர் இன்ஜினும் பெர்கின்ஸ் வழி வந்ததால் இந்தியச் சாமான் பலதும் பொருந்தும். ஆனால் பிஸ்டனும் லைனரும் பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்தே வாங்க வேண்டும். பிரேக் லைனிங்கில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

வாங்கப் போகும் நாளில் வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிரில் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வரலாம். விட்டு விட்டு ஊதினால் ரிங் போய்விட்டது. பிறகு ஒரு இறக்கத்தில் லோ முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறக்கச் சொல்லுங்கள். வேகம் ஏறாமல் இறங்கினால் விலை பேசத் தொடங்கலாம்.