‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’: லாக் ஃபைலோடு பல வருஷம்

திருமங்கலத்தில் அச்சகம் வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: “டேய், பில்லிங் ப்ரோக்ராம் ரெண்டு தடவை திறந்துக்கிது, பில் நம்பர் குழம்புது. லாக் ஃபைல் வச்சாச் சரியாப் போயிரும்ங்கிறாங்க. வைக்கச் சொல்லவா?” போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. கீழமாசி வீதியில் எங்கள் மளிகை மொத்தக் கடையில் லாக் ஃபைலோடு, அதாவது பூட்டுக் கோப்போடு, பல வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். அதனால் எழுதியே அனுப்புகிறேன். மற்றவர்களுக்கும் உதவினால் சரி.

லாக் ஃபைல் என்ன செய்யும் என்பது தெரிந்ததுதான். ப்ரோக்ராம் தொடங்கும்போது ஒரு கோப்பை உருவாக்கும், முடிக்கும்போது அழிக்கும். கோப்பு இருந்தால் அடுத்து வருபவர் திரும்பிப் போக வேண்டும். கரண்ட் போகாத ஊரில் இது அருமையான ஏற்பாடு.

எங்கள் பில்லிங் ப்ரோக்ராம் இந்தக் கோப்பை டேட்டா இருக்கும் கோப்புறையிலேயே வைக்கிறது. யூபிஎஸ் பேட்டரி பழசு. கரண்ட் போனால் ஐந்து நிமிஷம் தாங்கும், அப்புறம் கம்ப்யூட்டர் சாய்ந்துவிடும். சாகிற ப்ரோக்ராம் தன் கோப்பை எப்படி அழிக்கும்? மறுபடி ஆன் செய்தால், ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு செய்தி. எதுடா ஓடுகிறது? கடையில் ஃபேன்கூட இன்னும் ஓடவில்லை.

எனக்குத் தீராத எரிச்சல் இதுதான். எரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. விற்றவர்களின் போன் உதவியில், “அந்த ஃபைலை டெலீட் பண்ணிருங்க சார்” என்று எங்கள் கணக்கு அண்ணாச்சிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கெட்டிக்காரர். பேரனை வைத்து, அழிப்பதற்கென்றே டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் போட்டுக்கொண்டார். செய்தி வந்தால் அதை ரெண்டு தட்டு, வேலை முடிந்தது. பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை.

ஒரு மதியம் ப்ரோக்ராம் நிஜமாகவே பின்னால் சுருங்கிக் கிடந்திருக்கிறது. அண்ணாச்சி வழக்கம்போலத் தட்டிவிட்டார். உசிலம்பட்டி வியாபாரிக்கும் மேலூர் வியாபாரிக்கும் ஒரே நம்பரில் பில் போயிற்று. ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணாச்சியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தினமும் பொய் சொன்ன செய்தி ஒருநாள் உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்?

நாங்கள் கத்தியபிறகு திருத்தம் ஒன்று வந்தது. இப்போது கோப்புக்குள் அந்த பிராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமுக்கு கம்ப்யூட்டர் கொடுக்கும், எண்ணை எழுதி வைக்கிறார்கள். அடுத்த முறை அந்த எண்ணில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மறுக்கும். நல்ல யோசனைதான், பழைய யோசனையும்கூட. மோடம் காலத்தில் கம்ப்யூட்டர்கள் கோப்பு பரிமாறிக்கொண்ட யூயூசிபியின் பூட்டுகளிலேயே பிராசஸ் எண்ணைப் பத்து எழுத்து அகலத்தில் எழுதி வைத்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் ரீபூட் ஆனால் எண்கள் மறுபடி முதலிலிருந்து வரும். ஏறக்குறைய அதே வரிசையில் எல்லாம் கிளம்புவதால், நேற்று பில்லிங்குக்கு இருந்த எண்ணில் இன்று பிரிண்டர் சர்வீஸ் உட்கார்ந்திருக்கும். உயிரோடு இருக்கிறது, ஆனால் ஆள் வேறு. மறுபடியும் அதே செய்தி, மறுபடியும் அண்ணாச்சி, அதே ஐகான்.

ஈமாக்ஸ் எடிட்டர் தன் பூட்டில் கம்ப்யூட்டர் எப்போது பூட் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுகிறது. இவர்கள் அவ்வளவுகூட மெனக்கெட வேண்டாம். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அதில் ‘ரன்’ கோப்புறை மெமரியில் இருப்பது, ரீபூட் ஆனால் தானே காலியாகிவிடும். பூட்டை அங்கே வைத்திருந்தாலே பாதித் தலைவலி போயிருக்கும். ஒரு வரி மாற்றம். சொல்லிப் பார்த்தேன், “அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாம் சார்” என்றார்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பாக்கி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு மெசேஜ் அனுப்ப நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே கிளப்பும் ஏற்பாடு) பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடவிட்டிருக்கிறேன். நெட் மந்தமானால் முதல் ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும், ஒரே ஆளுக்கு ரெண்டு மெசேஜ் போகும். “ஒரு தடவ கேட்டாத் தரமாட்டேன்னு நெனச்சீங்களா?” என்று ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். கிரான் வரியில் என் கட்டளைக்கு முன்னால் ‘எஃப்லாக் மைனஸ் என்’ (flock -n) சேர்த்தேன். பூட்டு கிடைத்தால் ஓடும், கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பிவிடும். அதோடு தீர்ந்தது.

இதில் பூட்டு என்பது கோப்பு இருப்பதில் இல்லை, லினக்ஸின் உள்மையமான கர்னல் கையில் இருக்கிறது. பிராசஸ் எப்படிச் செத்தாலும் கர்னல் பூட்டை விடுவித்துவிடும். கரண்ட் போனால் துடைக்க ஒன்றுமே மிச்சமில்லை. காலிக் கோப்பு ஒன்று அங்கேயே கிடக்கும். கிடக்கட்டும், சுத்தம் பார்த்து அழிக்கக் கூடாது. அழித்தால், பழைய கோப்பைத் திறந்து வைத்திருப்பவர் அதைப் பூட்டியிருப்பார், புதிதாக வருபவர் அதே பெயரில் வேறு கோப்பை உருவாக்கி அதைப் பூட்டுவார். ரெண்டு பேரும் உள்ளே. தனியாக எந்த ப்ரோக்ராமும் வாங்க வேண்டாம், பெரும்பாலான லினக்ஸில் கூடவே வருகிறது. காசு கொடுத்து வாங்கியது படுத்துகிறது, சும்மா கிடைத்தது உழைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது கிளப்பிவிட்டுப் போனால் அந்தக் குட்டி பிராசஸும் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம், மௌனம். ஒருநாள் ராத்திரி நெட் இணைப்பு தொங்கிப்போய், ஸ்கிரிப்ட் பூட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அடுத்தடுத்து வந்த ஓட்டமெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போயிருக்கிறது. விடிந்து பார்த்தால் ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை. இப்போது உள்ளே, குறித்த நேரம் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்திவிடும் ‘டைம்அவுட்’ கட்டளையும் போட்டிருக்கிறேன்.

இனி உன் விஷயம். நீ வைத்திருப்பது விண்டோஸ். அங்கே இந்த வேலைக்கு மியூடெக்ஸ் என்று, பெயர் வைத்துப் பூட்டும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. கோப்பு தேவையில்லை. ப்ரோக்ராம் செத்தால் அதுவும் போய்விடும். ஆனால் அது ஒரே கம்ப்யூட்டருக்குள்தான் செல்லும். உன் அச்சகத்தில் ரெண்டு கம்ப்யூட்டர் ஒரே கோப்புறையைப் பார்க்கின்றன. பிராசஸ் எண்ணை எழுதி வைப்பதும் அங்கே பயன்படாது, அடுத்த கம்ப்யூட்டரின் எண்ணை இங்கே தேடி என்ன பிரயோஜனம்?

எஃப்லாக்குக்கு நான் முழு மார்க் போடுவேன். ஆனாலும் நீ லாக் ஃபைல் வைக்கச் சொல்லாதே. ப்ரோக்ராம் நாலு தடவை திறந்தாலும் திறக்கட்டும், பில் நம்பரை டேட்டாபேஸ் கொடுக்கட்டும், அதே நம்பர் ரெண்டாவது முறை வந்தால் அதுவே மறுக்கட்டும். அதைச் செய்து தரச் சொல்லிக் கேள். ‘லாக் ஃபைல் போட்டுத் தர்றோம் சார், சிம்பிள்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. வேறு வழியே இல்லையென்றால் முதலில் யூபிஎஸ் பேட்டரியை மாற்று. நானும் இந்த வாரம் மாற்றப் போகிறேன், சேர்த்து வாங்கினால் கடைக்காரர் கொஞ்சம் குறைப்பார்.