ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிச் சேவை: ஒரு காயமும் ஒரு கர்ப்பமும்

கடந்த ஆறு மாதங்களில், என் மனைவியின் இரண்டாவது கர்ப்பத்துக்காகவும் தந்தையின் காலில் மண்வெட்டி பட்ட காயத்துக்காகவும், எங்கள் வட்டாரத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பலமுறை சென்றுவர நேர்ந்தது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசிக்கு அங்கே நம்பிச் செல்லலாம். கக்குவான் இருமலுக்கோ கர்ப்பிணிகளுக்கு அங்கே ஊசி கிடையாது. கிடையாது என்பதைத் தாமாக எடுத்துச் சொல்வாரும் இல்லை.

தந்தைக்கு எருக்குழி ஓரத்தில் வேலை செய்யும்போது காயம் பட்டது. அவசரத்தில் முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குத்தான் அழைத்துச் சென்றோம். அங்கே காயத்தைச் சரியாகக் கழுவாமலேயே ரணஜன்னிக்கான டி.டி. ஊசியைப் போட்டு, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர் கட்டைப் பிரித்து, ஓடும் நீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவச் செய்த பிறகு, இதற்கு முன் ரணஜன்னி ஊசி எத்தனை தவணை, எப்போது போடப்பட்டது என்று கேட்டார். இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் தொடங்கியது; தந்தையின் பிள்ளைப் பருவம் அதற்கு வெகுகாலம் முந்தையது. அடிபட்டபோதெல்லாம் ஊசி போட்ட நினைவு அவருக்கு உண்டே தவிர, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லை.

மூன்று தவணை முழுமையாகப் பெறாதவருக்கு மண்ணும் சாணமும் பட்ட காயம் ஏற்பட்டால் தடுப்பூசி மட்டும் போதாது என்பதை மருத்துவ அலுவலர் பொறுமையாக விளக்கினார். தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்க நாள் பிடிக்கும் என்பதால், உடனடிப் பாதுகாப்புக்கு ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் 250 அலகு தேவை. அது அங்கே இருப்பில் இல்லை; ஆனால் இல்லை என்று கைவிரித்துவிடாமல், கடிதம் எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அடுத்த தவணைகளை நான்கு வாரம் கழித்தும், அதன்பின் குறைந்தது ஆறு மாதம் கழித்தும் போடவேண்டும் என்று சீட்டிலும் குறித்துக் கொடுத்தார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.டி. போட்டே ஆகவேண்டும் என்ற எங்கள் ஊர் நம்பிக்கைக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. மூன்று தவணை முடித்தவருக்குச் சிறிய, சுத்தமான காயமென்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால்தான் மறு ஊசி தேவை. அழுக்கான, ஆழமான காயமென்றால் 5 ஆண்டுகள். இரும்பில் துரு இருந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி, கிருமி மண்ணில் இருக்கிறது.

மனைவியின் விஷயத்தில் கிராம சுகாதார செவிலியர் பழைய தாய்சேய் அட்டையைப் பார்த்தார். முதல் கர்ப்பத்தில் இரண்டு தவணையும் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகவில்லை என்பதைக் கணக்கிட்டு, ஒரே ஒரு பூஸ்டர் போதும் என்றார். மருந்து சூட்டில் கெடவில்லை என்பதற்கு அடையாளமாக, குப்பியின் மேலுள்ள வெப்பநிலை காட்டியில் உட்சதுரம் நிறம் மாறவில்லை என்பதைக் கேட்டவுடன் காட்டினார். கட்டணம் இல்லை, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். புதன்கிழமைகளில் குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள் என்பதால், அந்த அரை மணி நேரத்துக்கு நாற்காலி கிடைப்பது அரிது.

முன்பு ரணஜன்னிக்கு மட்டுமாக இருந்த அந்த ஊசிக்குப் பதிலாக, தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) சேர்த்துத் தடுக்கும் ஊசியை அரசுத் திட்டத்தில் 2019இல் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் பழையது TT, புதியது Td; தமிழில் எழுதினால் இரண்டும் டி.டி.யே என்பதால், மருந்து மாறியது எங்களில் பலர் காதில் விழவே இல்லை.

இந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்து கிடையாது. குழந்தைக்கு அந்த நோய்க்கு எதிரான முதல் தவணை, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. அதுவரை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்பாற்றலே துணை. அதற்காக ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27 முதல் 36 வாரத்துக்குள், கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிடாப் (Tdap) ஊசி போடுமாறு மகப்பேறு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அரசுத் திட்டத்தில் அது இல்லாதது செவிலியரின் குற்றமல்ல. ஆனால் நாங்களாகக் கேட்ட பிறகுதான், அதை வெளியே போட்டுக்கொள்ளலாம் என்ற பதில் வந்தது. டிடாப்பில் ரணஜன்னித் தடுப்பும் அடங்கியிருப்பதால், முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பூஸ்டருக்குப் பதிலாக இதையே போட்டிருக்கலாம் என்று தனியார் மருத்துவர் சொன்னபோது எனக்குச் சற்றே எரிச்சல் வந்தது உண்மை.

தனியாரிடம் டிடாப்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. எல்லா இடத்திலும் அதை இருப்பில் வைப்பதில்லை. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய பிறகு, மூன்றாம் முறை தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டே புறப்பட்டோம்.