மாணவர்களோடு பேச எந்த வழி? சொந்த எண், பெற்றோர் குழு, கிளாஸ்ரூம்

தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். 2020 ஊரடங்கின்போது என் சொந்த எண்ணை வகுப்பு முழுவதற்கும் கொடுத்தேன், வேறு வழியில்லை. பள்ளி திறந்த பிறகும் அந்த எண் அவர்களிடமே இருந்தது. "மிஸ், நாளைக்கு டெஸ்ட் இருக்கா?" என்று தொடங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு "மிஸ், தூங்கிட்டீங்களா?" என்பதில் வந்து நின்றது. கேட்ட பையன் மனதில் ஒன்றுமில்லை. ஆனால் அதே கேள்வியை ஓர் ஆசிரியர் மாணவிக்கு அனுப்பினால்?

சொந்த எண்ணில் வேகம் உண்டு, பிள்ளைக்குத் தயக்கம் இருக்காது. ஆனால் அது இரண்டு பேர் மட்டும் பார்க்கும் பேச்சு. 24 மணி நேரத்தில் தானாக மறையும் செய்தி வசதியையும் போட்டுவிட்டால், நாளை ஒரு புகார் வரும்போது பிள்ளையிடமும் ஆதாரம் இருக்காது, நல்ல ஆசிரியரிடமும் இருக்காது. பாலியல் நோக்கத்தோடு 18 வயதுக்குட்பட்டவரை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். நோக்கம் சுத்தமாக இருப்பவர், அதை வெளிச்சத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இன்ஸ்டாகிராமில் பாடத்துக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் இளைய ஆசிரியர்கள். பாடக் குறிப்புகளைப் பொதுவில் போடட்டும், தப்பில்லை. மாணவர்களைத் திரும்பப் பின்தொடரவோ, தனிச்செய்திக்குப் பதில் போடவோ கூடாது.

பெற்றோர் வாட்ஸாப் குழு எவ்வளவோ மேல். நிர்வாகி மட்டும் எழுதும்படி வைத்தால் குட்மார்னிங் படங்களும் வராது. சாதாரணக் குழுவில் ஒரு சிக்கல் இருக்கிறது: எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழுவில் இருந்த ஓர் அம்மாவின் எண்ணுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கியது, அவர் குழுவை விட்டே போய்விட்டார். வாட்ஸாப்பிலேயே உள்ள கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண் நிர்வாகிகளுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு மாறிய பிறகுதான் அம்மாக்கள் தைரியமாகச் சேர்ந்தார்கள்.

பாடமும் வீட்டுப்பாடமும் இணையத்தில் கொடுக்க உதவும் கூகுள் கிளாஸ்ரூம்தான் பாதுகாப்பில் முதலிடம். கணக்கு பள்ளியுடையது, தேவைப்பட்டால் பள்ளி எடுத்துப் பார்க்கலாம், வீட்டுப்பாடத்தைத் தாண்டிப் பேச்சு வளர்வதும் குறைவு. ஆனால் எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். மூன்று பிள்ளைகள் அந்த ஒன்றில் மாறி மாறி உள்ளே போக வேண்டும். பெற்றோருக்கு மின்னஞ்சலில் போகும் வீட்டுப்பாடச் சுருக்கத்தை யாரும் திறப்பதில்லை. அதனால் நான் அறிவிப்பைக் குழுவிலும், போன் வசதியுள்ள பெரிய வகுப்புகளுக்குப் பாடத்தைக் கிளாஸ்ரூமிலும் வைத்திருக்கிறேன். சந்தேகம் கேட்பதெல்லாம் பள்ளி நேரத்தில், நேரில்.

சரி, "மிஸ், வீட்ல இருக்கவே பயமா இருக்கு" என்று ஒரு பிள்ளை என் எண்ணைத் தேடிப் பிடித்து எழுதினால்? விதியைக் காட்டி வாயை மூடிக்கொள்ள எனக்கு மனம் வராது. பெற்றோரிடம் சொல் என்றும் தள்ளிவிட முடியாது, பயமே அவர்களால் இருக்கலாம். பதில் போடுவேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது போக்சோ 19-ஆம் பிரிவின்படி என் கடமை. ஜூனில் வகுப்பு தொடங்கியதுமே இதைப் பிள்ளைகளிடம் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அப்படி ஒரு செய்தி வந்தால், அதையும் என் பதிலையும் அன்று ராத்திரியே தலைமையாசிரியைக்கு அனுப்பிவிட்டுத்தான் போனைக் கீழே வைப்பேன்.