ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: நன்கொடை கொடுப்பவர் கவனத்துக்கு

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் பழைய தமிழ் நூல், இதழ் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கவிட்டதில் 1994-இல் உருவான நூலகம். இப்போது சென்னை தரமணியில். தொட்டால் அப்பளமாக நொறுங்கும் தாளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படமெடுப்பதே இங்கு நடக்கும் வேலை. இத்தகைய காப்பகங்களில் திட்ட மானியம் ஸ்கேனிங்கோடு தீர்ந்துவிடும். அதன்பின் ஏசி மின்கட்டணம், பழசாகும் ஹார்ட் டிஸ்க், ஊழியர் சம்பளம் (இதற்கெல்லாம் யார் பெயர்ப்பலகை கேட்பார்?) எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்காத பொது நன்கொடையில்தான். ஆகவே நிபந்தனையில்லாத, மாதாமாதம் வரும் சிறு தொகையே கூடுதல் பயன்.

ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி பிரிவின் வருமானவரிச் சலுகை கிடையாது. வங்கிவழி அனுப்பி, பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். புதிய வரிமுறைக்காரர்களுக்கு எப்படியும் சலுகை இல்லை. பழைய புத்தகம் தருவதென்றால் மூட்டையோடு போகாமல் தலைப்பு, பதிப்பாண்டுப் பட்டியலை முதலில் அனுப்புங்கள்.