நான்கு வருட உறுமலும் ஒரு வளைந்த ராடும்

நண்பன் போன் போட்டு, "மச்சான், உன் வண்டியில இருக்கே அந்த இன்டேக், நானும் போடலாம்னு இருக்கேன், எப்படிடா இருக்கு?" என்று இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் அந்தக் குழாயைப் பற்றிக் கேட்ட நேரத்தில் நான் ஒர்க்‌ஷாப்பில் என் இன்ஜினின் மூன்றாவது சிலிண்டர் கனெக்டிங் ராடை, அதாவது பிஸ்டனோடு இணையும் கம்பியை, கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். தனியாகப் பார்த்தால் நேராகத்தான் தெரிகிறது. புது ராடைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் கோணல் கண்ணில் படுகிறது. அந்தக் கோணலுக்கு மொத்தச் செலவு 78,000 ரூபாய். அவனுக்கு அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, அதனால் இப்போது கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல். கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு நீளமான அலுமினியக் குழாய் ஒன்றை இடது ஃபாக் லாம்புக்குப் பின்னால் வரை இறக்கி, அதன் நுனியில் கோன் ஃபில்டரை மாட்டியிருந்தேன். பவர் கூடியதா என்றால், இல்லை, அல்லது நான் உணரும் அளவுக்கு இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் 6 சதவீதம் போல அதிகக் காற்று உள்ளே போகும், கணக்கெல்லாம் சரிதான். ஆனால் கம்பெனிக்காரன் வைத்த குழாயே கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றைத்தானே இழுக்கிறது? மே மாதச் சென்னையில் பம்பருக்குக் கீழே மட்டும் ஊட்டிக் காற்றா வீசப்போகிறது?

ஆனால் அந்தச் சத்தம். ஓஎம்ஆரில் மூன்றாவது கியரில் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு உறுமல் வரும் பாருங்கள், தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத் திடீரென்று தொண்டை திறந்த மாதிரி இருக்கும். அதற்காகவே வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இதை மறைத்து எழுதினால் அது நேர்மையான பகிர்வு இல்லை.

இன்னொரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். "கோன் ஃபில்டர் போட்டால் மழையில் இன்ஜின் போய்விடும்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதைப் போட்டதே இல்லை. மழையில் நனைவதால் ஒன்றும் ஆகாது. ஃபில்டரின் பாதி நீரில் இருந்தாலும் இன்ஜின் முதலில் மேலே இருக்கும் பாதி வழியாகக் காற்றைத்தான் இழுக்கும், நீரைவிடக் காற்றை இழுப்பது சுலபம். மொத்தமாக மூழ்கினால்தான் பெரிய ஆபத்து. நான் மூன்று ஐப்பசி, மூன்று கார்த்திகை இதோடு ஓட்டினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது முந்தின நாளே வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தவன் நான். புயலிலிருந்து காப்பாற்றிய வண்டியை ஒரு மணி நேர மழையில் விட்டேன்.

நடந்தது இதுதான். 100 அடி ரோடு, சக்கரத்தில் பாதி அளவு தண்ணீர், எனக்கு முன்னால் ஒரு பழைய ஆல்டோ நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது, சரி நாமும் போகலாம் என்று முதல் கியரில் இறங்கினேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அது தள்ளிய அலை பம்பர் மேல் ஏறியது, உறுமல் களக் என்று நின்றது, வண்டியும் நின்றது. என் ஃபில்டர் தரையிலிருந்து 28 சென்டிமீட்டரில் இருந்தது, பிறகு அளந்து பார்த்தேன். ஆல்டோ போய்விட்டது. அதன் குழாய் வாய் ஹெட்லைட் மட்டத்தில் அல்லவா இருக்கிறது.

அங்கேயே விட்டிருந்தால் பிளக்கைக் கழற்றி, செல்ஃப் அடித்து, தண்ணீரை வெளியே தள்ளி, ஆயில் மாற்றி, சில ஆயிரத்தோடு தப்பித்திருக்கலாமோ என்னவோ. பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் பதற்றத்தில் இரண்டு தடவை சாவியைத் திருப்பினேன். "தம்பி, தண்ணிக்குள்ள நின்ன வண்டிக்கு யாராவது செல்ஃப் எடுப்பாங்களா?" என்று மெக்கானிக் அண்ணன் கேட்டபோது பதில் இல்லை. அவர்தான் கணக்குச் சொன்னார். என் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 சிசி, கம்ப்ரெஷன், அதாவது உள்ளே வந்ததை நசுக்கும் விகிதம், 11க்கு 1, அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மிஞ்சும் இடம் 30 மில்லி. டீக்கடை கிளாஸில் கால் பங்கு. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது, அதனால் ராடு வளைகிறது.

இன்சூரன்ஸ் கதை சுருக்கமாக: சாதாரண பாலிசியில் நீர் புகுந்து இன்ஜின் கெட்டால் தரமாட்டார்கள், இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக வாங்க வேண்டும். நான் அதையும் வாங்கியிருந்தேன். குழாயைப் பார்த்துவிட்டு, இந்த மாற்றத்தைத் தெரிவிக்கவில்லையே என்று கையை விரித்துவிட்டார்கள். கோபம் இருக்கிறது, ஆனால் தெரிவிக்காதது நான்தான்.

குழாய் நடுவில் பைபாஸ் வால்வு ஒன்று வைக்கலாம், கீழே அடைத்தால் மேலே திறந்து காற்றை இழுக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வண்டிக்கு அது ஒத்துவராது, நண்பனுடையது டர்போ, அவன் குடியிருப்பதோ மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளிக்கரணையில். குழாயை இறக்காமல் போனட்டுக்குள்ளேயே ஃபில்டரை வைக்கும் குட்டை இன்டேக்கில் இந்தப் பயம் குறைவு, ஆனால் அது இழுப்பது சூட்டுக் காற்று.

ஆக, வாங்காதே என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். "அப்ப உன்னோடத எனக்கு பாதி விலைக்குக் கொடு" என்றான். தரமாட்டேன் என்றேன். இப்போது வண்டியில் கம்பெனி பாக்ஸ் இருக்கிறது, சத்தமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருக்கிறேன். குழாயைக் கழுவித் துடைத்துப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்து ஜூன் வரை மழை அவ்வளவாக இருக்காது, நான்கு போல்ட்டுதான், அரை மணி நேர வேலை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.